கொடிக்கடியில் புதையல்

எங்கள் பள்ளியில் தாமதமாக வரும் பிள்ளைக்கு ஒரே ஒரு காரணம்தான் செல்லும். "கொடி, டீச்சர்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை கேட்பதில்லை. வயிற்றுவலி, அம்மா எழுப்பவில்லை, சப்பாத்து காயவில்லை என்று வேறு எதைச் சொன்னாலும் என்னிடம் ஒரு முறைப்பாவது கிடைக்கும். கொடிக்குக் கிடைக்காது.

பள்ளி தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. தொழிலாளர்களின் லைன் வீடுகளிலிருந்து வருவதற்குத் தேயிலைக்குள்ளேயே ஒரு குறுக்குப் பாதை உண்டு. தேயிலைக்குப் பூச்சிமருந்து அடிக்கும் நாளில், அடித்து முடித்த ஆட்கள் அந்த மலைச்சரிவின் மூலைகளில் குச்சி நட்டு, சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுப் போவார்கள். அவர்களே வந்து அதைப் பிடுங்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. கொழுந்து எடுக்கிறவர்கள் போகமாட்டார்கள். ஆடு போனால்கூடக் கத்திக்கொண்டு ஓடிப் பிடிப்பார்கள். பிள்ளைகள் லோரி ரோட்டைச் சுற்றிக்கொண்டு, சப்பாத்தெல்லாம் சேறாக வந்து சேர்வார்கள். நடக்கப் பழகும் குழந்தைக்கு அடுப்பு சுடும் என்று சொல்லிக்கொடுத்த கையோடு இதையும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள்.

நான் இந்தத் தோட்டத்தில் பிறந்தவள் இல்லை. கோலா தெர்லாவில் முட்டைக்கோஸுக்கும் லோரிப் புகைக்கும் நடுவே வளர்ந்தவள். வேலைக்கு வந்த புதிதில் கொடி என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது. பிள்ளைகள்தான் ஜன்னலருகே அழைத்துப்போய்க் காட்டினார்கள். தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் எனக்கு ஒரு குறைச்சலும் வந்துவிடவில்லை. இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். அப்பா மருந்து அடிக்கும் ஆட்களில் ஒருவர். முதுகில் பம்பைச் சுமந்துகொண்டு அதிகாலையில் மலை ஏறுகிறவர், கொடி நடுகிறவரும் அவர்தான். அம்மா திரிங்காப் ஊரிலுள்ள பூத்தோட்டத்து வேலைக்கு லோரி ஏறிப் போய்விடுவார். பிள்ளை கெட்டிக்காரி. மனக்கணக்கில் என்னை முந்துவாள். தலைமையாசிரியர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேசுவதை அப்படியே செய்துகாட்டி வகுப்பையே சிரிக்க வைப்பாள். ஆனால் எழுத்து மட்டும் அவளிடம் நிற்காது. நேற்றுச் சொன்ன 'ம' இன்று அவளுக்கு யாரோ எவரோ. குறைநீக்கல் வகுப்பில் அவளுக்காக நான் போடாத வேஷம் இல்லை. மணலில் எழுதினோம், மாவில் எழுதினோம், முதுகில் விரலால் எழுதிக் கண்டுபிடிக்கச் சொன்னோம். கடைசியில் இரண்டு பேரும் களைத்துப்போய் உட்கார்ந்திருப்போம். "எனக்கு வராது டீச்சர்" என்று அவளே என்னைத் தேற்றுவாள். எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை சொல்லக்கூடிய வார்த்தையா அது?

அந்தச் சமயத்தில்தான் டேப்லெட்டுகள் வந்தன. கோலாலம்பூரிலிருந்து ஒரு திட்டம். டவுனுக்குத் தள்ளியிருக்கும் உட்புறப் பள்ளிகளில் விளையாட்டு மூலமாகப் பாடம் நடத்திப் பார்க்கிறார்களாம். கொண்டுவந்தவர் தமிழர்தான், இளைஞர், நல்ல மரியாதைக்காரர், மலை ஏறுவதற்கென்றே வாங்கிய புதுச் சப்பாத்து போட்டிருந்தார். ஒரு படம் போட்ட அட்டையை மேசையில் வைத்து, டேப்லெட்டின் கேமராவை அதன்மேல் காட்டினார். திரையில் எங்கள் மேசை தெரிந்தது, மேசையின்மேல் ஒரு யானை நின்றது. ஆக்மெண்டட் ரியாலிட்டி என்றார். தமிழில் மிகை மெய்ம்மை என்று பதாகையில் எழுதியிருந்தார்கள். உள்ள மெய்யையே சமாளிக்க முடியாமல் நாங்கள் திண்டாடிக்கொண்டிருக்கிறோம், இதில் மிகை வேறா என்று நான் பக்கத்திலிருந்த ஆசிரியையிடம் முணுமுணுத்தேன்.

அந்த முணுமுணுப்பை நான் ஒரே வாரத்தில் விழுங்கவேண்டி வந்தது.

எழுத்தட்டை விளையாட்டு என்று ஒன்று அதில் இருந்தது. எழுத்துகளை வரிசையாக மேசையில் வைத்துக் கேமராவைக் காட்டினால், அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் எழுந்து நிற்கும். என் பெண்பிள்ளை 'ம'வையும் 'லை'யையும் வைத்தாள். மேசையின்மேல் ஒரு மலை முளைத்தது, தேயிலைகூட இருந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. 'லை'யை எடுத்துவிட்டு 'ழை'யை வைக்கச் சொன்னேன். மலை மறைந்து, ஒரு மேகம் வந்து, மேசை முழுக்க மழை பெய்தது. சத்தத்தோடு பெய்தது. அவள் டேப்லெட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை அந்த மழைக்குள் நீட்டினாள். நனையவில்லை என்று பார்த்துவிட்டு, குனிந்து மேசைக்கு அடியில் தேடினாள். அப்புறம் அட்டைகளை விரலால் தொட்டு, "ம... ழை. மழை" என்றாள்.

நான் சொல்லிக்கொடுக்காமல் அவளாக வாசித்த முதல் சொல் அது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆசிரியை வகுப்பில் அழக் கூடாது என்பதெல்லாம் அன்று எனக்கு ஞாபகமில்லை.

"இன்னொரு தடவ மழய கொண்டாரவா டீச்சர்?" என்றாள்.

"கொண்டாம்மா. எத்தன தடவ வேணுமோ கொண்டா."

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. பாலம், படகு, மயில், மிளகாய் என்று மேசையில் ஒரு சந்தையே நடந்தது. எழுத்தைச் சுற்றி நடந்து அதன் முதுகுப் பக்கத்தைக்கூடப் பார்த்துவிட்டு வருவாள். ஏன் அது அவளுக்கு நின்றது, ஏன் என் மணலும் மாவும் நிற்கவில்லை என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியவேண்டியதும் இல்லை. ஒரு காலையில் அவள் அப்பா வேலை உடுப்போடு, பூட்ஸைக் கழற்றிவிட்டு, வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், நேத்து வீட்டுக் காலண்டர்ல அமாவாசைன்னு படிச்சிருச்சு. நான் சொல்லிக் குடுக்கல. அவ அம்மாவும் சொல்லிக் குடுக்கல. அதுவா படிச்சிச்சு."

"தெரியும்ணே. இங்கயும் படிக்குது."

"அந்த டேப்பு இங்கயேதான இருக்கும்? கொண்டு போயிட மாட்டாங்கல்ல?"

அவர் கேட்டது சரியான கேள்வி. டேப்லெட்டுகள் இரவலாகத்தான் வந்திருந்தன. பள்ளித் தவணை முடிவில் திட்டக்காரர்கள் வந்து பார்ப்பார்கள், நன்றாகச் செய்யும் பள்ளிக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடுவார்கள், மற்ற பள்ளிகளிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். இதை அவரிடம் சொன்னேன். "ஒங்க பொண்ணு இருக்கறப்ப என்னண்ணே பயம்? அதான் குழுத் தலைவி" என்றும் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே பூட்ஸை மாட்டினார்.

தலைமையாசிரியருக்கு அந்த நாளை நினைத்துத் தூக்கமே இல்லை. "நம்ம ஸ்கூலுக்கு ஒரு பேரு வரணும்லா டீச்சர்" என்பார். வாசலில் கட்டுவதற்கு, மாதிரி மின்னியல் பள்ளி என்று பதாகைகூட முன்கூட்டியே அடித்து வாங்கிவிட்டார். அதைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் வைத்திருந்தார்.

அவர்கள் வந்தார்கள். அந்த மரியாதைக்கார இளைஞரும், மார்க் போட ஒரு பெண் அதிகாரியும். வகுப்புக்குள் ஒன்றும் பார்க்கவில்லை. வெளியே புதையல் வேட்டை என்று புதிதாக ஒரு விளையாட்டு. தேயிலைக்கு நடுவே படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்று தோட்டத்துத் துரையிடம் அனுமதி வாங்கியிருந்தார்களாம். பிள்ளைகளும் நாங்களும் உள்ளே வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தபோது இளைஞர் பள்ளிக்குக் கீழே இருந்த மலைக்குப் போய் எல்லாவற்றையும் தயார்செய்து வைத்துவிட்டார். பனி விலகட்டும் என்று சற்றுக் காத்திருந்துவிட்டுப் பிள்ளைகளை இறக்கினோம். டேப்லெட்டில் ஓர் அம்புக்குறி வழி காட்டும். அதன்படி போனால் ஓர் அடையாளம் இருக்கும். அதில் கேமராவைக் காட்டினால் புதையல் பெட்டி திறந்து ஒரு சொல் வெளியே வரும். எல்லாச் சொற்களையும் சேர்த்தால் வெற்றி. திரையின் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும்.

பெண்பிள்ளை முன்னால் ஓடினாள். டேப்லெட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, இரட்டைச் சடை தெறிக்க ஓடினாள். மற்றவர்கள் பின்னால் கத்திக்கொண்டு ஓடினார்கள். தேயிலை தொடங்கும் இடத்தில் சட்டென்று நின்றாள். இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

"போவாதீங்க! யாரும் போவாதீங்க! கொடி நட்டிருக்கு!"

தேயிலைக்குள் அங்கங்கே குச்சிகள். குச்சிகளில் சிவப்புக் கொடிகள். பச்சைக்கு நடுவே சிவப்பு என்றால்தான் கேமராவுக்குப் பளிச்சென்று தெரியுமாம். கொடியின் நடுவில் அவர்களுடைய படம் அச்சடித்திருந்தது. நாங்கள் நின்ற இடத்திலிருந்து படமா தெரியும்? கொடிதான் தெரிந்தது.

ஒரு பிள்ளைகூட அசையவில்லை. ஒருத்தன் சட்டையைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டான். சிறியவர்கள் பின்வாங்கி என் சேலையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது. எத்தனை பாடங்களை மறந்திருப்பார்கள், இதை மறக்கவில்லை.

இளைஞர் சிரித்துக்கொண்டே வந்தார். "என்ன பயம்? புதையல் அங்கதான் இருக்கு. ஓடுங்க, ஓடுங்க, டைம் போகுது."

"யாரு சார் மருந்து அடிச்சா? எங்கப்பா இன்னிக்கு இந்தப் பக்கம் வரல. மேமலைலதான் இருக்காங்க" என்றாள் அவள்.

அவருக்கு விளங்கவில்லை. நான் குறுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். மருந்து, கொடி, லோரி ரோடு, ஆடு என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். பெண் அதிகாரியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார். இளைஞர், "ஓ, இன்டரஸ்டிங்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதன் பிறகு அவர் செய்த காரியத்தை நான் சாகும்வரை மன்னிக்கப் போவதில்லை. விறுவிறுவென்று தேயிலைக்குள் போய் ஒரு கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். அவள் முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்து, அதை அவள் கையைப் பிடித்து வைத்தார்.

"பாத்தியா? ஒண்ணும் ஆகலல்ல? வெறும் கொடிதாம்மா."

குரலில் அத்தனை கனிவு. பயந்த பிள்ளைக்குத் தைரியம் சொல்லும் நல்ல மனிதரின் குரல். அவள் கொடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கொடியைக் கீழே போட்டுவிட்டுப் பள்ளிக் குழாயை நோக்கி ஓடினாள். கொடியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவவேண்டும். அவளுக்குப் பின்னால் எல்லாப் பிள்ளைகளும் ஓடினார்கள். தொடாதவர்களும் ஓடினார்கள். ஒரே ஒரு சோப்புக் கட்டி. வரிசையில் நின்று, ஒருவர் கைக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றி, முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். புல்லில் கிடந்த டேப்லெட்டுகளில் கடிகாரங்கள் ஓடி முடிந்து, ஒவ்வொன்றாக ஊதின.

மறுவாரம் தலைமையாசிரியரின் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. மாணவர்கள் கட்டளைகளைப் பின்பற்றுவதில் தயக்கம் காட்டுகிறார்கள், புதிய சூழலுக்கு இன்னும் தயாராகவில்லை. டேப்லெட்டுகள் டவுன் பள்ளி ஒன்றுக்குப் போகும். நான் இளைஞருக்குப் போன் போட்டேன்.

"அது தயக்கம் இல்ல சார். எங்க பிள்ளைங்க ஒழுங்கா உசுரோட இருக்கறதே அதனாலதான்."

"புரியுது டீச்சர், நெஜமா புரியுது. ஆனா மார்க்கு எல்லா ஸ்கூலுக்கும் ஒரே மாதிரிதான போடணும்?"

"அப்ப அந்த ஒரு பிள்ளைக்காவது ஒரு டேப்ப விட்டுட்டுப் போங்க. இப்பதான் படிக்க ஆரம்பிச்சிருக்கு."

"செட்டா இருக்கு டீச்சர். பிரிக்க முடியாது."

யானையும் மழையும் மயிலும் பஞ்சு வைத்த பெட்டிக்குள் போய் வேனில் ஏறின. தலைமையாசிரியர் என்மேல் பாய்ந்தார். முன்கூட்டியே சொல்லியிருந்தால் பச்சைக் கொடி வைக்கச் சொல்லியிருப்பாராம். தேயிலைக்குள்ள பச்சைக் கொடி வச்சா எந்தக் கண்ணுக்கு சார் தெரியும் என்று கேட்டேன். அந்தக் கோபத்தை அவர் என்னிடம் காட்டியிருந்தால் போகிறது என்று விட்டிருப்பேன். திங்கட்கிழமை சபைகூடலில் பிள்ளைகளிடம் காட்டினார்.

"ஒரு துண்டுத் துணியப் பாத்துப் பயந்து, கையில இருந்தத கோட்ட விட்டுட்டீங்க. தைரியமா போய் எடுத்திருந்தா டேப்பு இன்னிக்கு நம்ம ஸ்கூல்ல இருக்கும்."

பெண்பிள்ளை முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் பேசினார், ஆனால் அவள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சபை கலைந்ததும் நான் அவளைத் தனியே அழைத்து, "அவரு சொன்னது தப்பும்மா. நீ நின்னதுதான் சரி" என்றேன். தலையை ஆட்டினாள். பெரிய சார் ஒன்று சொல்கிறார், கோலாலம்பூர் சார் அதையே சொன்னார், டீச்சர் மட்டும் வேறு சொல்கிறாள். எதை எடுத்துக்கொள்வாள்?

நான் அட்டையில் எழுத்து வெட்டினேன். மேகம் வரைந்து, கோடு கோடாக மழையும் வரைந்து, அதன் கீழே ஒட்டினேன். அவள் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். என் மழை பெய்யவில்லை. நின்றிருந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக அவளை விட்டுப் போகத் தொடங்கின. "மழை" மட்டும் கொஞ்ச நாள் இருந்தது, அப்புறம் அதுவும் சந்தேகமாகிவிட்டது. அவள் அப்பா என்னை வழியில் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார். காலண்டரைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பிறகு அந்தக் காலை வந்தது. பிள்ளைக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாந்தி எடுத்தாள், காலெல்லாம் சிவந்து தடித்து எரிந்தது, கிளினிக்கில் மருந்து போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அவர்கள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அவ்வளவுதான் என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது அவ்வளவுதான் இல்லை.

அன்று கீழ்மலையில் மருந்து அடித்திருந்தார்கள். வகுப்பு காலியாக இருந்தது. எல்லாரும் லோரி ரோட்டைச் சுற்றி வந்துகொண்டிருப்பார்கள், "கொடி, டீச்சர்" என்ற பாட்டைக் கேட்கத் தயாராக நான் வருகைப் பதிவை மூடி வைத்திருந்தேன். அவள் மட்டும் வந்து வாசலில் நின்றாள். எல்லாருக்கும் முன்னால் வந்திருந்தாள். இடுப்பு வரை நனைந்திருந்தாள். நீல பினஃபோரில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள், சடையிலும் இருந்தன. அவள் உள்ளே வருவதற்கு முன்பே வாடை வந்துவிட்டது. கையில் குச்சியோடு சிவப்புக் கொடி. இதில் படம் எதுவும் அச்சடித்திருக்கவில்லை.

நான் கத்தியது பள்ளி முழுவதும் கேட்டிருக்கும். அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு ஓடினேன். உடுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, என் சேலையின் முந்தானையை அவளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தலையிலிருந்து கால்வரை தண்ணீரை ஊற்றினேன். மலையின் குளிர்த் தண்ணீர். அவள் பல் தந்தியடித்தது. கொடியை மட்டும் விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தேயிலைக்குள் போவதை மேலேயிருந்து யாரோ பார்த்து அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கவேண்டும், அவர் மோட்டார் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தார். முதுகில் பம்பு அப்படியே இருந்தது. விஷம் பட்ட கையால் மகளைத் தொடக் கூடாது என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"இது நான் நட்ட கொடி டீச்சர்" என்றார். "இப்பதான் நட்டுட்டு வந்தேன்."

அவள் நடுங்கிக்கொண்டே எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒருவரும் பாராட்டாதது அவளுக்குப் புரியவில்லை. கொடியை என் பக்கம் நீட்டினாள்.

"நான் பயப்படல டீச்சர். நானே போய் எடுத்துட்டேன். இப்ப அந்த சாரு டேப்ப திருப்பிக் குடுத்துருவாங்கல்ல?"